மீன் கதையும் கொட்டாஞ்சேனை வீடும்

என் மனைவியின் எழுத்தைப் பாராட்டி ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லொறி ஓட்டியவன். கதைகளைப் பற்றிப் படித்தவர்கள் எழுதுவார்கள். அவள் ஒரு கதைக்காக ஒரு வீட்டை விட்டாள். அந்த வீட்டுச் சாமானை லொறியில் ஏற்றியவன் நான். அதை எழுதுகிறேன்.

அவள் பிறந்தது கொழும்பில், கொட்டாஞ்சேனையில். புறக்கோட்டையில் பருப்பும் செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்கிற ஒரு முதலாளியின் வீடு அது. முன்பக்கமும் மேல்மாடியும் முதலாளி குடும்பத்துக்கு. பின்பக்கத்தில் ஒரு அறை, ஒரு குசினி, ஒரு தண்ணீர்க் குழாய். அதில் அவளுடைய தாயும் தகப்பனும் வாடகைக்கு இருந்தார்கள். தகப்பன் அந்த முதலாளியின் கடையில் தராசு பிடித்தவர். முதலாளி திருநெல்வேலிப் பக்கம், சுத்த சைவம். இவர்கள் தூத்துக்குடிப் பக்கம், மீன் இல்லாமல் சோறு இறங்காது. இரண்டு குடும்பமும் கடல் தாண்டி வந்ததுதான்.

சுதந்திரம் வந்தபிறகு அவளுடைய ஆட்களுக்குக் குடியுரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தகப்பன் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. பிறகு இரண்டு நாட்டு அரசாங்கமும் பேசி ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது தாய், தகப்பன், தம்பிமார் எல்லோரும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. அதற்கு நான் காரணம்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஒருகொடவத்தையில் லொறி ஓட வந்தவன். அந்தக் கடைக்கு மூட்டை இறக்கப் போவேன். அவள் தகப்பனுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு வருவாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "நீங்க இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

நான் சொன்னது, "மூட்டையள எங்க இறக்கிறது?" என்பதுதான். திரும்பச் சொன்னேன். அவள் அதை அப்படியே என் குரலில் சொல்லிப் பார்த்தாள். கடைக்காரப் பெடியன்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த கிழமை அந்தக் கடைக்கு லோட் இல்லை. நான் சும்மா போனேன்.

கலியாணம் கட்டி அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் தாய் கேட்டா, "எந்த ஊர்ப் பெட்டை?"

"கொட்டாஞ்சேனை."

"அது ஒரு ஊரே?"

அவள் தூத்துக்குடிக்குத் தன் தாயைப் பார்க்கப் போனபோது அங்கே, "ஊருக்கு எப்பம்மா திரும்புற?" என்று முதல் நாளே கேட்டார்களாம். கொழும்பில் சோதனைச் சாவடியில் நிற்கிற பொலிஸ்காரன் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பான்.

"கம கொஹெத?" ஊர் எது என்று அர்த்தம்.

"கொட்டஹேன."

"நே, நே. ஹரி கம?" உண்மையான ஊர் எது என்கிறான்.

"ஏகத் கொட்டஹேன தமாய், மாத்தயா." அதுவும் கொட்டாஞ்சேனைதான் ஐயா, என்றாள் இவள். அவனே சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. யாழ்ப்பாணம் என்று சொல்ல எனக்குப் பயம்.

அவள் எழுதுவது குசினியில். சோறு கொதிக்கும்போது யன்னல் திண்டில் கொப்பியை வைத்து நின்றபடியே எழுதுவாள். எழுதுமுன் பேசிப் பார்ப்பாள். முதலாளி பேசுவதை முதலாளி குரலில், மீன்காரன் பேசுவதை மீன்காரன் குரலில். ஒரு தடவை பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா ஓடி வந்துவிட்டா. வீட்டில் சண்டை, ஆண்குரல் கேட்கிறது, புருஷன் அடிக்கிறானோ என்று. நான் அப்போது லொறிக்குக் கீழே எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த அக்கா என்னையும் பார்த்தா, உள்ளேயும் பார்த்தா. அதற்குப் பிறகு எங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டா.

கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவாள். ஒரு ஆசிரியர், கதையில் வருபவர்கள் ஒழுங்கான யாழ்ப்பாணத் தமிழ் பேசினால் நல்லது என்று சொல்லி அனுப்பினார். இன்னொருவர், உங்கள் ஆட்களின் தோட்டத்து வாழ்க்கையை எழுதுங்கள் என்றார். அவள் தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. அவளுக்குத் தெரிந்தது கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, கடல். அதைத்தான் எழுதினாள். போட்டால் போடுவார்கள். போடாவிட்டால் கொப்பியில் இருக்கும். அழுது நான் பார்க்கவில்லை.

அவளுடைய ஆட்கள் போனபிறகும் பின்பக்கத்து அறையைப் பெரிய முதலாளி எங்களுக்கே விட்டார். தமிழரை அடித்த கலவரத்தில் அவர்களும் நாங்களும் ஒரே அகதி முகாமில் ஒரே தரையில் படுத்தோம். திரும்பி வந்ததும் அவர்கள் மாடிக்குப் போனார்கள், நாங்கள் பின்னால் போனோம். பிறகு பெரிய முதலாளி காலமானார். மகன் முதலாளியானார். அவருக்கும் அப்போது தலை நரைத்திருந்தது. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள்.

புத்தகம் போடலாம் என்று முதலில் சொன்னவர் ஒரு வாத்தியார். ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் இருந்தவர். அவளுடைய கதைகள் வந்த பத்திரிகைகளை எல்லாம் வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் நிமிர்ந்து இருந்து சொன்னார்.

"பிள்ளை, உம்மட கதையள் இப்பிடிச் சிதறிக் கிடக்கக் கூடாது. நான் முன்னுரை எழுதுறன். காசுக்கு முதலாளியைக் கேட்பம். அவர் முதற் பிரதி எடுப்பார்."

கொழும்பில் புத்தகம் போடுவதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அச்சுச் செலவை ஒரு பெரிய கடைக்காரர் பொறுப்பெடுப்பார். வெளியீட்டு நாளில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு முதற் பிரதியைக் கையில் கொடுப்பார்கள். மாலை போடுவார்கள். பிறகு மற்றவர்களை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். அவர்கள் போய் காசு வைத்த என்வலப்பைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கி, படத்துக்கு நின்றுவிட்டு இறங்குவார்கள். புத்தகத்தை வாசிப்பது வேறு விஷயம்.

அண்ணாச்சி உடனே ஒத்துக்கொண்டார். கேட்டது ஒன்றுதான். முதல் பக்கத்தில் அவருடைய தகப்பனின் படம் வர வேண்டும். திருநீறு பூசி, மேல்துண்டு போட்டு, கடையில் மாலையோடு தொங்குகிற படம். அவள் சந்தோஷமாகச் சரி என்றாள். பெரிய முதலாளி மேல் அவளுக்கு அன்பு இருந்தது.

அச்சுக்குப் போகுமுன் வாத்தியார் எல்லாக் கதையையும் வாசித்தார். அதில் பத்திரிகைக்குப் போகாத கதை ஒன்று இருந்தது. அதை வாசித்துவிட்டு நேரே புறக்கோட்டைக்குப் போய் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார். நல்லதுக்குத்தான் செய்தார். பிறகு தெரிந்து மேடையில் வெடிப்பதைவிட இப்போது தெரிவது நல்லது என்று நினைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சி எங்கள் குசினிப் பக்கம் வந்தார். அவர் அந்தப் பக்கம் வந்து நான் கண்டதில்லை. அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

"இல்லம்மா, இங்கனயே நிக்கேன்." குனிந்து பார்த்தார். "இந்தப் படிதானா?"

"ஆமா அண்ணாச்சி. நீங்க நிக்கிற படிதான்."

காலை எடுத்துக் கீழே வைத்துக்கொண்டார்.

"எங்கப்பா இதுல உக்காந்து மீன் சாப்பிட்டாரா?"

"கதையில பேர் போடலியே அண்ணாச்சி."

"பேர் எதுக்கு? எலுமிச்சைத் தோல் வச்சுக் கையத் தேச்சுட்டு, புதுசாத் திருநீறு பூசிக்கிட்டு, சுத்தி வந்து முன்வாசல் வழியா ஏறுவாருன்னு எழுதியிருக்கியே. இந்தத் தெருவுல கண்ணு தெரியாதவனுக்கும் தெரிஞ்சு போகும்."

அவள் மறுபடி தேங்காய் துருவத் தொடங்கினாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மீனை எடுத்துடு தங்கச்சி. கத்திரிக்காய் வையி. அப்பாவுக்குக் கத்திரிக்காய்னா உசிரு."

"கத்திரிக்காய் சாப்பிட எதுக்கு அண்ணாச்சி அவரு பின்வாசலுக்கு வரணும்?"

"சரி, கருணைக்கிழங்கு."

"அண்ணாச்சி!"

"வாழைக்காய்? வாழைக்காய் பாக்க மீன் மாதிரியே இருக்கும்."

கடையில் பேரம் பேசுகிற மாதிரியே கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டிரைவர், உனக்குச் சிரிப்பா இருக்கு" என்றார். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம். வாரவங்க நம்மளவிடச் சுத்தம். முதல் பக்கத்துல எங்கப்பா படம், உள்ள மீன் குழம்பு. நான் எங்க போய் முழிப்பேன்?" பிறகு அவளைப் பார்த்தார். "வீடு யாருதுன்னு உனக்குத் தெரியும். அத நான் வாயால சொல்லக் கூடாது. சொல்ல வச்சிடாத."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கத்திப் பேசவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் கத்தியிருப்பேன்.

நான் அந்தக் கதையை வாசித்திருக்கவில்லை. எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். "வாசியும் பாப்பம்" என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசித்தாள்.

கதை சின்னது. ஒரு முதலாளி, ஊரில் இருந்து சிறுவயதிலேயே தனியாகக் கொழும்புக்கு வந்தவர். கடையில் எடுபிடி. இரவில் மூட்டை மேல் படுக்கை. கூட வேலை செய்த பெடியன்கள்தான் அவருக்குச் சோறு போட்டார்கள். அதில் மீன் இருந்தது. பசியில் சாப்பிட்டார், பிறகு பிடித்துப் போயிற்று. காலம் போய்க் கடை சொந்தமாகிறது, வீடு கட்டுகிறார், ஊரில் இருந்து குடும்பம் வருகிறது. வீட்டில் சைவம். ஆனால் கடை பூட்டுகிற நாட்களில் அவர் பின்வாசல் படிக்கு வருவார். தராசுக்காரனின் பெண்சாதி பீங்கானில் சோறும் சீலா மீன் குழம்பும் போட்டுக் கொடுப்பாள். யாரும் எதுவும் பேச மாட்டார்கள். சாப்பிட்டு முடித்து, அந்தப் பெண்ணிடம், "ஒரு நாளும் உப்புக் கூடினதில்ல தாயி" என்பார். அவருக்கு எது ஊர், எது வீடு என்று கதையில் யாரும் கேட்கவில்லை. அவர் படியில் இருந்து சாப்பிடுகிறார். அவ்வளவுதான் கதை.

அவரைக் கேலி செய்து ஒரு சொல் இல்லை. கேட்டு முடிந்ததும் எனக்கு அந்தப் பெரிய மனிதரை எழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது. உயிரோடு இருந்தபோது பயந்து விலகிப் போன ஆள் நான்.

"என்ன செய்யப் போறீர்?" என்று கேட்டேன்.

"எடுக்க மாட்டேன்."

"சரி."

"வீடு கைய விட்டுப் போயிடும்ங்க."

"ஓம்."

"ஒன்னும் சொல்ல மாட்டேங்கிறீங்க."

"என்னத்தைச் சொல்ல? லொறி என்ர கையில இருக்கு."

அவள் பிறந்த அறை அது. தாயும் தகப்பனும் கப்பலுக்குப் போனது அந்த வாசலால்தான். பொலிஸ்காரன் கேட்டால் தலை நிமிர்ந்து சொல்வதற்கு அவளுக்கு இருந்த ஒரே இடம். அதைத்தான் விடப்போகிறாள். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் எழுந்து அடுப்பைத் திரும்ப மூட்டினாள்.

வாத்தியார் மறுபடி வந்தார். "பிள்ளை, ஒரு கதைதானே. இப்ப எடுத்து வையும். அடுத்த புத்தகத்தில போடலாம்."

"அடுத்த புத்தகத்துக்கும் ஒரு முதலாளி வருவாருதானே சேர்?"

வாத்தியார் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "நீர் சொல்லுறது சரி" என்றார். "எண்டாலும் நான் முன்னுரை எழுதினால் முதலாளிட முகத்தில முழிக்கேலாது."

"வேணாம் சேர். முன்னுரை இல்லாமலே போடுறேன். நீங்க வந்து முன்னுக்கு உக்காருங்க, போதும்."

அண்ணாச்சியிடம் அவளே போய்ச் சொன்னாள். அச்சுக்கு அவர் உதவ வேண்டாம், படமும் போடவில்லை, வீட்டை மாத முடிவில் தருகிறோம் என்று. அவர், "நான் போகச் சொல்லலியே" என்றாராம். "நீங்க சொல்லக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி நாங்களே போறோம்" என்றாளாம். அவர் கல்லாவில் இருந்து எழுந்து உள்ளே போய்விட்டார்.

சாமான் அதிகம் இல்லை. லொறிக்கு ஒரே நடைதான். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டோடு ஒட்டின அனெக்ஸ் கிடைத்தது. ரயில் போனால் பீங்கான் எல்லாம் பேசும். வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணம். பருத்த உடம்பு, பெரிய குரல், பிள்ளைகள் வெளிநாட்டில். வந்த அன்றே கேட்டா.

"நீங்கள் எந்த ஊர்?"

நான் என் ஊரைச் சொன்னேன். முகம் மலர்ந்தது. இவளைப் பார்த்தா.

"நான் கொட்டாஞ்சேனை."

"அது இப்ப இருந்த இடம். சொந்த ஊர்?"

"அதுதாங்க."

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தா. நான் கட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எங்கள் கையில் இருந்த காசில் புத்தகம் மலிவான தாளில் வந்தது. அட்டையில் படம் இல்லை, பெயர் மட்டும். முன்னுரை, வாழ்த்துரை, அணிந்துரை ஒன்றும் இல்லை. திறந்த உடனே கதை தொடங்குகிறது. அவள் அதை மடியில் வைத்து அன்று முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வெளியீடு வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில். அவள் எழுதின ஆள் ஆகையால் பேசச் சொன்னார்கள். சுருக்கமாகப் பேசினாள். பிறகு, "முதற் பிரதின்னு ஒன்னும் இல்லை. எல்லாப் பிரதியும் வாசல்ல மேசையில இருக்கு. விரும்பினவங்க எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

யாரும் எழும்பவில்லை.

எங்கள் சனத்துக்குப் பெயர் கூப்பிட்டுத்தான் புத்தகம் வாங்கத் தெரியும். எல்லோர் கையிலும் என்வலப் இருக்கிறது. யார் முதலில் போவது? போனால் முந்திக்கொண்டான் என்பார்கள். போகாவிட்டால் காசு கொடுக்க மனமில்லை என்பார்கள். வாத்தியார் முன்வரிசையில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அவர் போகலாம். ஆனால் தன்னைவிடப் பெரியவர் யாராவது இருக்கிறாரோ என்று அவருக்கும் யோசனை. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"தப்புப் பண்ணிட்டேனா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இருந்து பாரும்" என்றேன். எனக்கும் தெரியாது.

பின்வரிசையில் கதிரை இழுபட்டது. திரும்பிப் பார்த்தோம். அண்ணாச்சி. எப்போது வந்தார் என்று தெரியாது. எழுந்து வாசல் மேசைக்குப் போனார். விலையைக் கேட்டார், கொடுத்தார், மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டார். ஒரு புத்தகத்தை எடுத்தார்.

அவ்வளவுதான். கதிரைகள் எல்லாம் ஒரேயடியாகச் சத்தம் போட்டன. அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது.

அண்ணாச்சி நகரவில்லை. மேசைக்கு முன்னாலேயே நின்று பக்கத்தைத் தேடி எடுத்து வாசிக்கத் தொடங்கினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டு, கடையில் கணக்குப் பார்க்கிற மாதிரி விரலை வைத்து வாசித்தார்.

"முதலாளி, கொஞ்சம் தள்ளி நிண்டு வாசியுங்கோவன்" என்று பின்னால் நின்றவர் சொன்னார்.

"பொறுங்க. சின்னக் கதைதான்" என்றார்.

வரிசை நின்றது. அவர் முடிக்கும்வரைக்கும் நின்றது. முடித்துவிட்டு அவளிடம் வந்தார். அவள் எழுந்து நின்றாள். நானும் நின்றேன்.

"உப்புக் கூடினதில்லன்னு சொல்வாரா?"

"ஆமா அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும்."

"எங்கம்மா கையால எது சாப்பிட்டாலும் உப்புக் கூடன்னுதான் சொல்வாரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க யாரும் கேக்கல. அவருக்கு என்ன பிடிக்கும்னு வீட்டுல யாரும் கேக்கல."

அவர் புத்தகத்தை மூடினார்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு இதக் குடுக்கப் போறதில்ல. அதச் சொல்லிடுறேன்" என்றார். பிறகு, "அறை பூட்டித்தான் கிடக்கு. யாருக்கும் குடுக்கல. நீ வரலாம்."

எனக்கு மனம் துள்ளியது. சாமான் ஒரே நடைதானே. மறுநாளே கொண்டு போய் இறக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் துள்ளியிருக்கிறது. அது தெரிந்தது.

"வர ஆசைதான் அண்ணாச்சி" என்றாள். "ஆனா வந்தா அடுத்த கதை எழுதுறப்ப மேல மாடியத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். நீங்க என்ன நெனப்பீங்களோன்னு."

அவர் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார். "சரிதான்" என்றார். புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். வாசலில் வாத்தியார் அவரை மறித்து ஏதோ மன்னிப்புப்போலச் சொன்னார். அண்ணாச்சி அவர் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார்.

அந்த மனிதரையும் நான் மதிக்கிறேன். ஆனால் அவளை மதிப்பது வேறு. அவர் நீட்டினது அவளுக்கு ஊர் என்று இருந்த ஒரே இடம். அவள் அதைச் சிரித்த முகத்தோடு, மரியாதையாக, வேண்டாம் என்றாள். நான் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லொறியை நிறுத்தியிருக்கிறேன். இதைச் செய்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மா அனெக்ஸ் வாசலில் வந்து நின்றா. கையில் புத்தகம். முழுக்க வாசித்திருந்தா.

"இஞ்ச பாரும் பிள்ளை. நீர் ஆக்களை அப்பிடியே எழுதுறீர் என்ன?"

"தெரிஞ்சதை எழுதுறேங்க."

"என்னையும் எழுதுவீரோ?"

"எழுதுவேன்."

வீட்டுக்காரம்மா யோசித்தா. கோபிக்கப் போகிறா என்று நினைத்தேன். "அப்ப ஒரு சொல்லு" என்றா. "எழுதேக்க என்னைக் கொஞ்சம் மெலிவா எழுதும்."

அவள் மெலிவாக எழுதவில்லை. அடுத்த வருடம் நாங்கள் மறுபடி சாமானை ஏற்றிக்கொண்டு ஹெந்தளையில் வேறு வீட்டுக்குப் போனோம்.